பால்வாடி டீச்சருக்குப் பயிற்சி: மண்டபம் காலியான பிறகு என்ன?

சின்னக் குழந்தைகளின் பேச்சு, எழுத்து, உடல்நலம் பற்றி அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் பல மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகின்றன. பெரிய மண்டபம், மைக், புரொஜெக்டர், கையேடு ஒன்று, நோட்டு ஒன்று. குழந்தை மூளையின் படம் போட்ட ஸ்லைடு கட்டாயம் உண்டு. மறுநாள் காலை வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மையத்தின் பூட்டைத் திறக்கும் டீச்சருக்கு முன்னால் இருப்பது ஒரே அறை. மூலையில் அரிசி மூட்டை, பக்கத்தில் எடை மெஷின், இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை கலந்து உட்கார்ந்த இருபது பிள்ளைகள், போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் ஏற்ற வேண்டிய பதிவுகள். நேற்றைய ஸ்லைடில் இந்த அறைக்கு உதவுவது எதுவும் இருக்காது.

பயிற்சியை அந்த அறையிலிருந்து தொடங்க வேண்டும், அந்த அறையிலேயே முடிக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம். பாடத்திட்டத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டு மையங்களுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ இருக்கிறது. ஒன்றிய அரசு 2023 மே மாதம் ‘போஷன் பி படாய் பி’ (ஊட்டமும் படிப்பும்) திட்டத்தைத் தொடங்கி, 2024-இல் பிறப்பிலிருந்து மூன்று வயது வரைக்கு ‘நவ்சேத்னா’, மூன்றிலிருந்து ஆறு வரைக்கு ‘ஆதார்ஷிலா’ என்று இரண்டு வழிகாட்டுச் சட்டகங்களையும் கொடுத்துவிட்டது. இடறுவது வேறு இடத்தில். பயிற்சியில் காதால் கேட்டது கைப்பழக்கமாக வருவதில்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். விளக்கம், செய்து காட்டல், ஒத்திகை எல்லாம் நடந்தாலும், வேலை செய்யும் இடத்துக்கே ஒருவர் வந்து கூட இருந்து பழக்கினால்தான் புதுப் பழக்கம் வகுப்பறையில் நிற்கிறது.

அதனால் கணக்கை மாற்றிப் போட வேண்டும். ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து பேர் போதும். முழு நாள் வேண்டாம், அரை நாள். ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு திறன். பாதி நேரம் ஒத்திகைக்கு: ஒருவர் டீச்சர், ஒருவர் மூன்று வயதுக் குழந்தை, ஒருவர் பார்த்துக் குறிப்பவர். இரண்டு வாரத்துக்குள் மையத்துக்கே போய் ஒரு பார்வை. உதவியாளரையும் கூப்பிட வேண்டும். குழந்தைக்குக் கை கழுவி விடுவதும், சோறு ஊட்டுவதும், அழுதால் தூக்குவதும் அவர்தான். அவரை விட்டுவிட்டு மொழிப் பயிற்சி நடத்துவது அடுப்பைப் பற்ற வைக்காமல் உலை வைப்பது மாதிரி.

எந்தத் திறன் முதலில்? காத்திருப்பது. கேட்க அற்பமாகத் தோன்றும், செய்துபார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுக்காமல் அடுத்த ஆளிடம் தாவுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது பள்ளிப் பிள்ளைகளை. இரண்டு, மூன்று வயதுக்கு ஐந்து விநாடிக்கு மேலேயே கொடுக்கலாம். ஒத்திகையில் வாய்க்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். ‘மூணு’ வரும்போதே முக்கால்வாசிப் பேர் பேசிவிடுவார்கள். அறை முழுக்கச் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பில்தான் விஷயம் உறைக்கும்.

காத்திருந்த பிறகு குழந்தை எதைக் கொடுத்தாலும், ஒரு சொல்லோ, ஒரு விரல் நீட்டலோ, அதை வாங்கி, இன்னும் ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் இது இப்படி நடக்கும். குழந்தை குழாயைக் காட்டி “தண்ணி” என்கிறது. “ஆமா, தண்ணி சில்லுனு வருது.” இப்போது நிறுத்த வேண்டும். குழந்தை கையை நீட்டிச் சிரிக்கும், அல்லது “சில்லு” என்று சொல்லும். “சில்லுனு இருக்கா? சோப்பு போட்டா என்ன வரும்?” மறுபடி நிறுத்த வேண்டும். “நொர.” இருபது விநாடிக் கை கழுவலில் மூன்று சுற்றுப் பேச்சு. எடை மெஷினில் ஏற்றும்போது, முட்டை உரிக்கும்போது, செருப்பு மாட்டும்போது இதே மாதிரி. புதிதாக நேரம் ஒதுக்க வேண்டாம், புதிய பதிவேடும் வேண்டாம். டீச்சர்கள் இதை ஏற்றுக்கொள்வதற்கு முதல் காரணம் அதுதான்.

பயிற்சி அரங்குகளில் அடிக்கடி வந்து போகும் ‘மூன்று கோடி சொல் இடைவெளி’ ஸ்லைடைப் பற்றி ஒரு வார்த்தை. வசதியான வீட்டுக் குழந்தையைவிட ஏழை வீட்டுக் குழந்தை சின்ன வயதுக்குள் மூன்று கோடி சொல் குறைவாகக் கேட்கிறது என்பது அந்த ஸ்லைடு சொல்லும் சேதி. ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995-இல் வெளியிட்ட அந்தக் கணக்கு அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களை வைத்துப் போட்டது. ஸ்பெர்ரி குழு பின்னால் வேறு சமூகங்களில் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே வரவில்லை. வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் கணக்கில் சேர்த்தால் படமே மாறுகிறது. 2018-இல் ரேச்சல் ரோமியோ குழு சொன்னது, காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய சுற்றுகள்தான் மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு ஒத்துப் போகின்றன என்று. விடிவதற்கு முன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற அம்மாவிடம் போய் “நீங்க பேசறது பத்தாது” என்று சொல்ல இந்த ஸ்லைடு வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை, பாட்டி, அண்ணன், தெருவே பேசுகிற ஊர் இது.

எந்தத் தமிழில் பேசுவது என்ற கேள்வி எல்லா அமர்விலும் எழும். “டீச்சர், அது அங்க கீது” என்று சொல்லும் குழந்தையை “கீதுன்னு சொல்லக் கூடாது, இருக்கிறது சொல்லு” என்று நிறுத்தினால், அடுத்த தடவை அது வாயையே திறக்காது. வடசென்னைத் தமிழ் குழந்தையின் வீட்டு மொழி. அதில் இலக்கணம் உண்டு, கிண்டல் உண்டு, கதை சொல்லும் வளம் உண்டு. செய்ய வேண்டியது ஒன்றுதான். “ஆமா, அலமாரி மேல இருக்குது” என்று இயல்பாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வது. குழந்தையைத் திரும்பச் சொல்லவைக்க வேண்டாம். கேட்டுக் கேட்டு இரண்டும் சேரும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் குழந்தைகளும் இந்தப் பக்கத்து மையங்களில் உண்டு. அவர்களுக்காக டீச்சர் புது மொழி கற்க வேண்டியதில்லை. தண்ணீர், பசி, வலி, அம்மா, ஒன்றுக்கு, வேண்டாம், வா ஆகிய ஏழெட்டுச் சொல்லை அம்மாவிடம் கேட்டுச் சுவரில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினால் முதல் மாத அழுகை குறையும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. எத்தனை சொல் தெரியும் என்று கணக்கெடுக்கும்போது எல்லா மொழிச் சொல்லையும் கூட்ட வேண்டும். ‘பானி’யும் ஒரு சொல்தான்.

அடுத்தது படப் புத்தகம். இதில்தான் பயிற்சி அதிகம் தேவைப்படுகிறது, இதில்தான் பிசகும் அதிகம். டீச்சர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு இருபது பேருக்கு உரக்கப் படிப்பார். நடுநடுவே “இது என்ன?” என்பார். எல்லாரும் சேர்ந்து “யானை!” என்று கத்துவார்கள். கத்தாத ஐந்து பேர் யார் என்று யாருக்கும் தெரியாது.

மாற்று முறையை குரோவர் வைட்ஹர்ஸ்டின் குழு 1988-இல் சோதித்துக் காட்டியது. நான்கு அடிதான்: கேட்பது, பதிலை ஏற்பது அல்லது மெல்லத் திருத்துவது, ஒரு சொல் கூட்டி விரிப்பது, விரித்ததைக் குழந்தையைச் சொல்லவைப்பது. மீன் சந்தைப் படம் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

“இங்க என்ன கிடக்குது?”
“மீனு.”
“ஆமா, மீனு. ஐஸ் மேல கிடக்குது. எங்க கிடக்குது?”
“ஐஸ் மேல.”
“ஐஸ் மேல எதுக்கு வச்சிருக்காங்க?”
(ஐந்து விநாடி)
“நாத்தம் அடிக்கும். எங்க ஆயா சொல்லும்.”

அந்தக் கடைசிப் பதில்தான் பொன். காரணம் சொல்லிவிட்டது, வீட்டையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. இங்கே “நாத்தம்னு சொல்லாதே” என்று டீச்சர் வாயெடுத்தால் ஆட்டம் முடிந்தது.

குழு ஐந்து ஆறு பேருக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் உதவியாளரோடு கட்டையோ களிமண்ணோ வைத்து விளையாடட்டும். பத்து நிமிடம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஒரே புத்தகம் நான்கு நாள். முதல் நாள் அட்டையைக் காட்டிக் கதையைச் சொந்த வாயால் சொல்வது. இரண்டாம் நாள் ‘யார், என்ன, எங்கே’. மூன்றாம் நாள் ‘ஏன்’, ‘உங்க வீட்டுல எப்படி’. நான்காம் நாள் புத்தகம் குழந்தை கையில், கதை குழந்தை வாயில். ஒரு புத்தகத்துக்கு மூன்று நான்கு புதுச் சொல்லை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அவற்றை அந்த வாரம் சோற்றிலும் விளையாட்டிலும் இழுத்து வர வேண்டும். “புது புத்தகம் இல்லையே” என்று புலம்பும் மையங்களிலும் இருக்கிற பத்து புத்தகம் இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

புத்தகம் பெரும்பாலும் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும். கிழிந்தால் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம். ஆண்டுக்கு இத்தனை கிழியும் என்று மேற்பார்வையாளர் எழுத்தில் சொல்லிவிட்டால் பூட்டு தானாகத் திறக்கும். கடலோர மையங்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து காகிதத்தைப் பூசணம் பிடிக்க வைக்கும். குழந்தை எட்டும் உயரத்தில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் விரித்துத் தொங்கவிடுவது பீரோவைவிடப் பத்திரம். வாங்க வேண்டுமென்றால் சென்னைத் தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் எல்லாரிடமும் தமிழ்ப் படப் புத்தகம் கிடைக்கிறது. பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக இறக்கி அச்சடித்தும் கொள்ளலாம்.

எழுத்துக்கு வருவோம். ஆங்கிலக் கையேட்டிலிருந்து எடுத்த பயிற்சிகளில் ‘முதல் ஒலியைக் கண்டுபிடி’ விளையாட்டு வரும். தமிழ்க் குழந்தைக்கு அதை அப்படியே கொடுத்தால் இடறும். ‘நண்டு’, ‘நகம்’ இரண்டும் ஒன்றாகத் தொடங்குகின்றன என்று நான்கு வயதில் பிடித்துவிடும். ‘நண்டு’, ‘நெத்திலி’ இரண்டிலும் ஒரே ‘ந்’ இருக்கிறது என்பது பிடிபட இன்னும் நாளாகும். ஏனென்றால் தமிழ் எழுத்தே ‘ந’, ‘நெ’ என்று முழு அசையாகத்தான் கண்ணில் படுகிறது. அதனால் கைதட்டி அசை பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நண்-டு இரண்டு தட்டு, சங்-க-ரா மூன்று, நெத்-தி-லி மூன்று, கா-ரப்-பொ-டி நான்கு. காசிமேட்டுப் பிள்ளைக்கு மீன் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டாம், டீச்சருக்கே பத்து பெயர் கற்றுக்கொடுக்கும். பிறகு முதல் அசை ஒன்றாக வரும் பெயர்களைச் சேர்ப்பது, கடைசி அசையை விழுங்கிவிட்டு ‘மிச்சம் என்ன’ என்று கேட்பது.

247 எழுத்தையும் வரிசையாக ‘அ’விலிருந்து ஒப்பிக்கவைப்பது பாட்டாக இருந்தால் தப்பில்லை. எழுத வைப்பதில்தான் தகராறு. சாதாரணமாகக் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரைவது மூன்று வயதில், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரையை ஒட்டி, முக்கோணம் ஐந்தில். வட்டமே ஒழுங்காக வராத கையில் சுழியும் வளைவும் கோடும் கலந்த ‘அ’வைக் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்து, பலகை முழுக்க எழுத வைத்தால் அது எழுத்தல்ல, தண்டனை. ஐந்து வயதை ஒட்டி எழுதத் தொடங்கும்போதும் ட, ப, ம என்று நேர்கோடு அதிகமுள்ளவை முதலில் வரட்டும். பட்டம், படம் என்று உடனே சொல்லும் கிடைக்கும். எ-ஏ, ஒ-ஓ, ண-ன போன்ற ஒத்த உருவங்களை ஒரே வாரத்தில் கொடுக்க வேண்டாம். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும். ஒன்றாம் வகுப்பிலும் இது குழப்பும், குழம்பினால் குழந்தை மந்தம் என்று அர்த்தமில்லை. கன்னடக் குழந்தைகளைப் பற்றிய சோனாலி நாக்கின் 2007 ஆய்வு, இந்த வகை எழுத்து முழுக்கப் பிடிபடப் பள்ளியின் முதல் சில வருடங்கள் பிடிக்கின்றன என்று காட்டியது. அங்கன்வாடியிலேயே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் யாருக்கு?

பெற்றோருக்கு. பக்கத்துத் தெரு நர்சரியில் மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுதுகிறது என்பார்கள். பதிலாகக் காட்ட மையத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பெயர் அட்டை நல்ல ஆயுதம். காலையில் வந்ததும் குழந்தை தன் அட்டையை எடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும். முதல் மாதம் போட்டோ ஒட்டியது, அடுத்த மாதம் பெயர் மட்டும். வருகைப் பதிவும் ஆயிற்று, குழந்தை படிக்கும் முதல் எழுத்து தன் பெயராகவும் ஆயிற்று. அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தால் வாதமே தேவையில்லை.

உடல்நலத்தைத் தனிப் பாடமாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். பேச்சு தாமதத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. சளி, மூக்கடைப்பு, வீட்டுக்குள் பீடி சிகரெட் புகை எல்லாம் நடுக்காதில் நீர் கோர்க்க வழி செய்யும். ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர் காற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். நீர் கோர்த்த காதில் பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வராது, ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல மங்கலாகக் கேட்கும். அந்தப் பிள்ளையைத்தான் ‘சொன்ன பேச்சு கேக்காது’ என்று முத்திரை குத்துகிறோம். வாயால் மூச்சு விடுவது, டிவி சத்தத்தைக் கூட்டுவது, முகத்தைப் பார்த்தால் மட்டும் பதில் சொல்வது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, இதெல்லாம் குறிக்க வேண்டியவை. காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை மட்டும் உறுதியாகத் தடுக்க வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதில் டீச்சருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. 12 மாதத்தில் மழலையும் இல்லை, விரல் நீட்டிக் காட்டலும் இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 24 மாதத்தில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது. இந்த நாலில் ஒன்று இருந்தாலும் அனுப்ப வேண்டும். “அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சொல்வார். மறுத்துச் சண்டை போடாமல், “காதை மட்டும் ஒரு தடவை பார்த்துடலாம் ஆயா” என்றால் பெரும்பாலும் வருவார்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை மையத்துக்கு வர வேண்டும், பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கட்டும். அதுவரை காத்திருக்க முடியாததற்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. தேதியும் யார் கூட்டிப் போகிறார்கள் என்பதும் எழுதாத பரிந்துரைச் சீட்டு பர்ஸிலேயே கிடக்கும்.

சோர்ந்து உட்காரும் பிள்ளை பேசாது. மேற்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கவனம், 11.5-க்குக் கீழ் என்றால் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். இரும்புச்சத்துச் சிரப் வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி போகிறதா என்று பார்ப்பதும் மொழிப் பயிற்சியின் ஒரு பகுதிதான். செல்போனைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, இரண்டு வயதுக்குள் வேண்டாம், நான்கு வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது. இதை உபதேசமாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சோறு ஊட்டும்போது போனுக்குப் பதில் என்ன செய்யலாம் என்று அம்மாக்கள் கூட்டத்தில் ஒரு குழந்தையை வைத்து ஐந்து நிமிடம் செய்து காட்டுங்கள்.

மனசும் உடல்நலம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதக் கடைசியில் ஓர் இரவு அம்மோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இந்த மாதிரிச் சம்பவத்துக்குப் பிறகு குழந்தைகள் “தண்ணி வருது, ஓடு” என்று திரும்பத் திரும்ப விளையாடும். அதைத் தடுக்கக் கூடாது, அது பயத்தைச் செரிக்கும் வழி. அதே நேரத்துக்குப் பாட்டு, அதே இடத்தில் சாப்பாடு என்று நாள் ஒழுங்கு மாறாமல் இருக்க வேண்டும். “பயமா இருந்துச்சா? எனக்கும் இருந்துச்சு. இப்ப நாம இங்க இருக்கோம்.” இவ்வளவு போதும். தூக்கம் கெடுவது, படுக்கையை நனைப்பது, யாரோடும் ஒட்டாமலிருப்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம்.

கடைசியாக மையத்துக்கு வந்து பார்க்கும் வேலை. மேற்பார்வையாளர் வந்தவுடன் பதிவேட்டைக் கேட்டால் அன்று பயிற்சி இல்லை, தணிக்கை. இந்த வருகைக்குப் பதிவேட்டைத் தொடக் கூடாது என்று முன்பே பேசிவிட வேண்டும். பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து மூன்றே விஷயம் குறிக்கலாம்: டீச்சர் கேட்டுவிட்டுக் காத்திருந்தது எத்தனை தடவை, ஒரே குழந்தையோடு பேச்சு இரண்டு சுற்றுக்கு மேல் போனது எத்தனை தடவை, ஒரு சொல்லும் பேசாத குழந்தைகள் யார் யார். பிறகு பத்து நிமிடப் பேச்சு. “நீங்க காத்திருக்கவே இல்ல” என்று தொடங்கினால் அவர் முகம் சுருங்கிவிடும். “அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பொண்ணு முட்டைன்னு சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா டீச்சர்?” என்று கேட்டால் மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். அடுத்த வருகைக்குள் எந்த ஒரு வேளையில், கை கழுவும்போதா சாப்பிடும்போதா, முயன்று பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

டீச்சரின் தொண்டையையும் கணக்கில் எடுங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோர மையத்தில் நாள் முழுக்கக் கத்திப் பேசுபவருக்குச் சாயங்காலம் குரல் கட்டிவிடும். ஆறு பேர் கொண்ட குழு என்பது குழந்தைக்கு மட்டுமல்ல, அவர் குரலுக்கும் நல்லது. சாலைப் பக்க ஜன்னலுக்கு எதிர் மூலையில் பாய் போட்டால் இன்னும் நல்லது.

ஒரு மேற்பார்வையாளரின் கீழுள்ள மையங்கள் கூடும் மாதாந்திர செக்டார் கூட்டத்தில் இருபது நிமிடம் இதற்கென்று ஒதுக்கி, இரண்டு டீச்சர் தங்கள் மையத்தில் எது ஓடவில்லை என்று சொல்லட்டும். பத்து நிமிடக் கவனிப்பில் பெரும்பாலான மையங்களில் பேச்சு இரண்டு சுற்றைத் தாண்டிய பிறகே அடுத்த திறனுக்குப் போக வேண்டும். அதற்கு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை, ஆண்டுத் திட்டத்தில் அந்த மூன்று மாதத்துக்கு இடம் விட்டு எழுதுங்கள்.